கழுவாத சல்லடை

கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே கல் இல்லை. இரும்புத் தாடைகள் வெறுமனே மென்றுகொண்டிருந்தன.

மாடியிலிருந்து இறங்கி வந்தவளை அந்தக் கல் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எரிச்சல். கிரஷரை வெறுமனே ஓடவிட்டால் தாடை தேயும் என்று கட்டடம் முழுக்கப் பாடம் எடுக்கும் ஆள் அவளுடைய அண்ணன். அவரே இப்படி விடலாமா?

"அண்ணே... என்ன பண்ற? மெஷினை நிறுத்து."

மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கதவைத் தள்ளினாள். சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். சத்தம் நின்றது.

அப்புறம்தான் பார்த்தாள்.

அண்ணன் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். அலமாரியின் மேல் தட்டில் இருக்க வேண்டிய வெள்ளைப் பலகைக் கல் ஒன்று தலைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் ஓரத்திலும் ரத்தம்.

மணி மதியம் ஒன்று ஐம்பது. மொத்த ஆய்வுக்கூடமும் சாப்பாட்டு அறையில் இருந்தது. அவள் போட்ட அலறலில் அத்தனை பேரும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

*

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். கல்தூள் வேறு மூக்கில் ஏறியதில் வாக்கியத்துக்கு ஒரு தும்மல்.

"மேல் தட்டுல இருந்த கல்லு. கிரஷர் அதிர்ற அதிர்ச்சியில நகர்ந்து நகர்ந்து விழுந்திருக்கு. தலையில ஹெல்மெட் கிடையாது. பாவம்... கவனக்குறைவு."

சொன்னதோடு விடவில்லை. எழுதியும்விட்டார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஊசி எழுந்து வந்தாள். அழுது முடித்த கண். இப்போது அதில் கோபம் மட்டும்தான் இருந்தது.

"என்ன சார் எழுதுனீங்க?"

"கவனக்குறைவுன்னு."

"அந்த வார்த்தையை அடிங்க."

"என்னம்மா?"

"அடிங்கன்னு சொன்னேன். பதினாறு வருஷமா கல்லு உடைக்கிறாரு. இங்க எல்லாரும் எங்க அண்ணனுக்கு என்ன பட்டப்பேர் வச்சிருக்காங்க தெரியுமா? சல்லடை. ஒரு கல்லை உடைச்சு சலிச்சா, சல்லடையை ஏழு தடவை கழுவுவாரு. ஏழு தடவை! அவருக்கா கவனக்குறைவு? நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க. அண்ணியும் நானும் காலம்பூரா அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் இப்படி எத்தனையோ தங்கைகளைப் பார்த்தவர். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எதுக்கும்மா ஏழு தடவை? அது என்ன பால் பாத்திரமா?"

"முன்னாடி உடைச்ச கல்லோட ஒரே ஒரு மணி சல்லடைக் கண்ணுல ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட, அடுத்த கல்லோட வயசு தப்பாப் போயிடும்."

"கல்லுக்கு வயசா?"

"இங்க வேலையே அதான் சார். கல்லுக்குள்ள ஜிர்கான்னு ஒரு சின்ன மணி இருக்கும். கண்ணுக்கே தெரியாது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ள சேர்த்துக்கும், ஈயத்தைக் கிட்டயே விடாது. அப்புறம் அந்த யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும். அது யார் சொன்னாலும் கேட்காது, வேகமாவும் மாறாது, மெதுவாவும் மாறாது. பாதி மாறுறதுக்கு நானூத்து நாப்பத்தேழு கோடி வருஷம். இப்ப அந்த மணியில எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்குன்னு மெஷின்ல எண்ணிட்டா வயசு தெரிஞ்சிடும்."

"நீ என்ன பண்ணுவே?"

"அண்ணன் உடைச்சுத் தர்ற தூள்ல இருந்து மைக்ரோஸ்கோப்புல பார்த்து ஊசி முனையால அந்த மணியைப் பொறுக்குவேன். அதான் எனக்கு ஊசின்னு பேரு."

பேசிக்கொண்டே திரும்பியவள் சட்டென்று நின்றாள்.

தொட்டியோரம் சல்லடை கிடந்தது. அதன் கண் முழுக்கத் தூள்.

கறுப்புத் தூள்.

"சார்... இங்க வாங்க."

வந்தார். தும்மினார்.

"இன்னைக்குக் காலையில அண்ணன் உடைச்சது அந்த மூட்டையில இருக்கிற கல்லு. என்ன நிறம்?"

"ரோஸ் கலர்."

"நோட்டுல பாருங்க. இன்னைக்கு ஒரே கல்லுதான் எழுதியிருக்கு. உடைச்சு, சலிச்சு, ஏழு தடவை கழுவி, ஏழு கோடும் போட்டிருக்காரு. அப்படின்னா இந்தக் கறுப்புத் தூள் எங்கிருந்து வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் சல்லடையைப் பார்த்தார். கிரஷரைப் பார்த்தார். பிணம் கிடந்த இடத்தைப் பார்த்தார். வந்துகொண்டிருந்த தும்மல் பாதியில் நின்றுபோனது.

"அப்ப அந்த வெள்ளைக் கல்லு..."

"நாடகம் சார். எங்க அண்ணனை வேற ஒரு கல்லால அடிச்சிருக்கான். அடிச்ச கல்லைக் கிரஷர்ல போட்டு அரைச்சிருக்கான்."

"ஆயுதத்தையே மாவாக்கிட்டான்னு சொல்றே."

"ஆமா. கிரஷர் வாயில இருந்து தூள் நேரா சல்லடையிலதான் விழும். அதை வெளியில குப்பை மேட்டுல கொட்டியிருப்பான். சல்லடையை மட்டும் கழுவல."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"தூளைக் கூண்டுல ஏத்த முடியாதும்மா. எங்க லேபுக்கு அனுப்பினா ரிப்போர்ட் வர ஒரு மாசம். மேலிடத்துல வெள்ளிக்கிழமை ஃபைலை மூடச் சொல்லிட்டாங்க. இன்னைக்குச் செவ்வாய். பாதித் தூள் எனக்கு, பாதி உனக்கு. இது எந்தக் கல்லுன்னு அதுக்குள்ள சொல்லு. சொல்லலேன்னா நான் எழுதின வார்த்தை அப்படியே நிக்கும்."

*

கிரஷர் அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று அண்ணனிடம். இன்னொன்று ஆய்வுக்கூடத்தின் தலைவரிடம், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுபவரிடம். மூன்றாவது, மாடியில் வயது எண்ணும் மெஷினை இயக்கும் டாக்டரிடம். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. கல்லைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பட்டம் வாங்கிய டாக்டர்.

புதன்கிழமை காலை அண்ணனின் இறுதிச் சடங்கு முடிந்த பிறகு அண்ணி ஊசியைத் தனியே கூப்பிட்டாள்.

"செவ்வாக்கிழமை காலையில கிளம்பறப்ப ஒண்ணு சொன்னாரு. 'ஒரு தப்பு நடந்துபோச்சு, சம்பந்தப்பட்டவருகிட்ட இன்னைக்கு ஒத்துக்கிட்டு வந்துடறேன்'னாரு. மூணு மாசமாத் தூக்கம் வரலேன்னு வேற சொன்னாரு."

"யாரு அண்ணி அந்தச் சம்பந்தப்பட்டவரு?"

"கேட்டேன். சாயங்காலம் சொல்றேன்னுட்டுப் போனாரு."

சாயங்காலம் வரவேயில்லை.

ஊசி நேராக வேலைக்குப் போனாள். மாடிப்படியில் டாக்டர் எதிரே வந்தார். சனிக்கிழமை வெளிநாட்டில் அவருக்கு ஒரு பெரிய விருது. கையில் புதுப் பெட்டி.

"உன்னை யாரும்மா வரச் சொன்னது? நாலு நாள் லீவு எடுத்துக்கோ."

"வேலை இருக்கு டாக்டர் சார்."

"பாவம், சல்லடை. மேல் தட்டுல கனமான கல்லை வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டாத்தானே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள். செத்தவரைக் குறை சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

கறுப்புத் தூளைத் தண்ணீரில் அலசினாள். காந்தத்தால் இரும்புத் துகளை இழுத்தாள். கனமான திரவத்தில் போட்டு, அடியில் தங்கியதை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

ஒரு மணி நேரம்... ஒன்றும் இல்லை.

மூன்று மணி நேரம்... ஒன்று.

சாயங்காலத்துக்குள் மூன்று மணிகள் கிடைத்தன. பழுப்பு நிறம், உருண்டை. ஊசி முனையால் எடுத்து ஒரு சின்னப் பிசின் வில்லையில் பதித்து, மேலே 931 என்று எழுதினாள். வேறு ஒரு எழுத்தும் எழுதவில்லை.

எழுதவும் கூடாது. அது அந்த ஆய்வுக்கூடத்தில் பெரியவர் போட்ட விதி. எந்தக் கல், எந்த மலை என்று தெரிந்தால் மெஷினில் உட்காருகிறவருக்கு ஆசைப்பட்ட வயது மனதில் வந்துவிடும். அதனால் வில்லை வெறும் எண்ணோடுதான் மாடிக்குப் போகும். வயதும் கையெழுத்தும் கீழே வரும்.

வியாழன் காலை வந்தது.

931. மூன்று மணிகள். நூற்றியெண்பது கோடி ஆண்டு. கீழே டாக்டரின் கையெழுத்து.

*

"ஆக, ஆயுதத்துக்கு வயசு நூத்தியெண்பது கோடி," என்றார் இன்ஸ்பெக்டர். "என் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஆயுதத்தோட பிறந்த தேதியை யாரும் கேட்டதில்ல. சரி, அந்த வயசுல இங்க எத்தனை கல்லு இருக்கு?"

"இந்த வருஷம் உடைச்சதுல ஒண்ணுகூட இல்ல."

"அப்ப முடிஞ்சது."

"முடியல." ஊசி அண்ணனின் நோட்டை மேஜையில் போட்டாள். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கம். "ராத்திரியெல்லாம் புரட்டினேன். இதைப் பாருங்க. இந்த வரி, மெஷின் சரியா எண்ணுதான்னு சோதிக்க வாங்கின பழைய மணல். வயசு நானூத்திப் பத்து கோடி. அதுக்கு அடுத்த வரி, மலையில இருந்து வந்த ஒரு கறுப்புக் கல்லு. நடுவுல ஏழு கோடு இருக்கணும். இருக்கா?"

இல்லை. ஒரு கோடுகூட இல்லை. ஓரத்தில் மட்டும் வேறு மையில், புதிதாக, இரண்டே வாக்கியம். 'கழுவவில்லை. அவசரப்படுத்தினார்.'

"அந்தக் கறுப்புக் கல்லுல ஒன்பது மணி பொறுக்கினேன் சார். அஞ்சு மணி நானூத்திப் பத்து கோடி காட்டுச்சு. நாலு மணி நூத்தியெண்பது. அந்த நாலும் சல்லடையில இருந்து வந்த குப்பைன்னு ஒதுக்கிட்டாங்க. வெறும் மணலா இல்லாம முழுக் கல்லா, உலகத்துலயே ரொம்பப் பழசு நம்மகிட்டதான்னு பேப்பர், டிவி எல்லாத்துலயும் வந்துச்சு."

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "குப்பை அந்த நாலு இல்ல..."

"அந்த அஞ்சுதான் குப்பை. பழைய மணல். கல்லோட நிஜ வயசு நூத்தியெண்பது. எங்க அண்ணன் பதினாறு வருஷத்துல ஒரே ஒரு நாள் கழுவல. அதுவும் அவரா விடல. தலைமேல நின்னு விரட்டியிருக்காங்க. அதைத்தான் ஒத்துக்கப் போனாரு."

"அந்தக் கல்லு இப்ப எங்க?"

"மிச்சத்தை ரெண்டா அறுத்தாங்க. பாதி பெரியவர் மேஜையில. பாதி டாக்டர் மேஜையில."

"பழைய கல்லால யாருக்கு லாபம்?"

"கூடத்துக்குத்தான் பேரு. கூடத்துக்குத் தலைவர் பெரியவர். இங்க எல்லாரையும் விரட்டுறதும் அவர்தான்."

*

பெரியவரின் மேஜையில் கல் இல்லை.

கல் இருந்த மரத்தாங்கி மட்டும் இருந்தது.

ஊசிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"எங்கய்யா அந்தக் கல்லு? எங்க அண்ணன் மண்டையில அடிச்சு மாவாக்கிட்டீங்களா? உங்க பேருக்காக எங்க குடும்பத்தை அழிச்சுட்டீங்களே!"

வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கறுப்புக் கல். பாதி. முழுசாக.

"அந்த நாலு மணி எனக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பார்க்கப் பார்க்கக் கோபம் வந்துச்சு, உள்ள போட்டு வச்சேன். சந்தேகம்னா உடைச்சுப் பார்த்துடு. இப்பவே." சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "சல்லடையை நான் கழுவுறேன்."

"நீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த நாற்காலியில உட்கார்றதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் அதே கிரஷர்ல நின்னவன்யா நான். இவ அண்ணனுக்குக் கழுவக் கத்துக் கொடுத்தவனே நான்தான்."

கீழே போனார்கள். பெரியவர் தொட்டியில் சல்லடையைக் கவிழ்த்தார். தூரிகை, தண்ணீர், காற்று. மறுபடி தூரிகை. ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு. ஏழாவது கோட்டைப் போட்டபோது ஊசிக்கு அழுகை வந்தது. அண்ணனின் அதே கை, அதே அழுத்தம்.

"இவர் இல்ல சார்," என்றாள், இன்ஸ்பெக்டரின் காதில்.

"கழுவத் தெரிஞ்சா கொலை பண்ண மாட்டாங்களா?"

"பண்ணலாம். ஆனா பண்ணிட்டும் கழுவியிருப்பாரு. கை சும்மா இருக்காது."

இன்ஸ்பெக்டர் பெரியவரின் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, கிரஷரை ஓட்டாமல் அப்படியே தாடையைக் கழற்றச் சொன்னார். பெரியவரின் கல்லை இரும்பு உரலில் இடித்தே தூளாக்கினார்கள்.

வியாழன் மாலை 932 என்ற எண்ணோடு இன்னொரு வில்லை மாடிக்குப் போனது.

*

வெள்ளி பகல் பன்னிரண்டு மணி. மெஷின் அறை.

டாக்டர் பயணத்துக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே வந்தாள். பின்னால் பெரியவர். அவருக்கும் பின்னால் மூக்கைத் துடைத்தபடி இன்ஸ்பெக்டர்.

"வழியனுப்ப வந்தீங்களா?" டாக்டர் சிரித்தார்.

ஊசி இரண்டு தாள்களை அவர் முன்னே வைத்தாள்.

"931, 932. ரெண்டும் உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா."

"பெரியவர் ஒரு சந்தேகம் கேட்கறாரு. இது ரெண்டு கல்லா, ஒரே கல்லா?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எண்களை ஓட்டிப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவரைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஒரே கல்லு. வயசு ஒத்துப் போகுது, யுரேனியம் அளவும் ஒத்துப் போகுது. எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் வந்து சொல்வேன்."

"எழுதிக்கிட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் நிமிர்ந்தார்.

ஊசி மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"932, பெரியவர் மேஜையில இருந்த பாதிக் கல்லு. 931, எங்க அண்ணன் செத்த அன்னைக்கு சல்லடையில ஒட்டியிருந்த தூள். உங்க பாதி எங்க டாக்டர் சார்?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் தூசி படிந்த மரத்தில், கல் இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"வீட்ல... வீட்ல இருக்கு."

"எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" இன்ஸ்பெக்டர் கதவில் சாய்ந்துகொண்டார். "இதையும் கேட்டுக்கோங்க. நேத்து கிரஷர் தாடையைக் கழற்றினோம். பல்லிடுக்குல ரத்தம். கல்லு எப்பவும் ரத்தம் சிந்தாதுன்னு நினைக்கிறேன். நீங்கதான் நிபுணர்."

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அதற்குப் பதிலாக வந்தது பயம் இல்லை. எரிச்சல்.

"கல்லு உடைக்கிறவன்... என் முன்னாடி நின்னுக்கிட்டு, 'நாம ஒத்துக்கிடுவோம் சார்'ங்கறான். நாமளாம்! உங்க பாதியைக் கொண்டாங்க, கழுவின சல்லடையில ஒரு தடவை போட்டுப் பார்த்துடுவோம்னான். கொண்டுபோனேன். இந்தக் கல்லுக்குத்தான் சனிக்கிழமை விருது, அதுவரைக்கும் வாயை மூடுடான்னு சொன்னேன். மாட்டேன்னு முதுகைக் காட்டித் திரும்பி நின்னான். என் இருபது வருஷ உழைப்பு, இவன் ஒரு நாள் கழுவாததால போகணுமா?"

"கழுவ விடாம விரட்டினது நீங்க."

"நேரமில்லைன்னு சொன்னேன். கழுவியிருக்க வேண்டியது அவன்."

"செவ்வாக்கிழமை நீங்க அரைச்சீங்களே," ஊசி இன்னும் கிட்டே வந்தாள், "அன்னைக்கு ஏன் கழுவல?"

டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

"கழுவறது என் வேலையா?"

பளார்.

ஊசி விட்ட அறை கட்டடம் முழுக்கக் கேட்டது. கண்ணாடி கழன்று 931 மேல் விழுந்தது.

பெரியவர் சுவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்துக் கைக்குட்டையால் முகத்தை மூடித் தும்மிக்கொண்டிருந்தார். அதனால் அவரும் எதையும் பார்க்கவில்லை.

*

ஜீப் கிளம்பும்போது ஊசி ஓடி வந்தாள். பின் சீட்டில் டாக்டர், கன்னத்தில் ஐந்து விரல்.

"சார்... அந்த ரிப்போர்ட். அந்த வார்த்தையை அடிச்சுட்டீங்களா?"

"அடிக்கலம்மா."

"என்ன சார் இது? இவ்வளவுக்கு அப்புறமும்..."

"கோபப்படாதே. நல்லா யோசிச்சுத்தான் விட்டேன்." இன்ஸ்பெக்டர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கடைசித் தும்மல். "குற்றவாளி பிடிபட்டதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கவனக்குறைவை அப்படியே அங்க நகர்த்திட்டேன்!"